நான்காவது வளைவில் ஹாரன்

ஹாரன் அக்கா என்றால்தான் அவளை அங்கே தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. மலையாற்றில் ரப்பர் படகுச் சவாரி விடுகிற கம்பெனியின் வேனை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். அவளுடைய வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மூத்த கைடு. படகின் பின்முனையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற ஆறு பேருக்கும் "முன்னால போடு", "நிறுத்து", "குனி" என்று உத்தரவு கொடுத்து, பொங்கிப் பாய்கிற தண்ணீரில் படகைக் கொண்டுபோகிறவர். வீட்டில் அவர் உத்தரவு எதுவும் செல்லாது என்பது வேறு விஷயம்.

வேலை என்னவோ எளிமையானதுதான். சவாரிக்கு வந்தவர்களைக் காலையில் வேனில் ஏற்றி, படகை டிரெய்லரில் வைத்துக் கட்டி, மலைமேல் மேல்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே படகு தண்ணீரில் இறங்கும். அவள் காலி வேனைத் திருப்பிக்கொண்டு சாலை வழியாகக் கீழ்துறைக்கு வர வேண்டும். துண்டு, மாற்றுத்துணி, ஃபிளாஸ்கில் டீ எல்லாம் அவள் பொறுப்பு. ஒரே கட்டிலில் எழுந்து, ஒரே வேனில் போய், மேல்துறையில் பிரிந்து, இரண்டரை மணி நேரம் கழித்துக் கீழ்துறையில் சேர்கிற புருஷன் பெண்டாட்டி வேறு எங்கேயாவது இருந்தால், அவர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

படகில் அவள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. நீச்சல் தெரியாது. குளியலறை வாளியைவிட ஆழமான எதையும் அவள் நம்புவதில்லை. "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு ஆழம் தெரியும். அதனாலதான் விடல," என்பாள் கேட்கிறவர்களிடம். சிரித்துக்கொண்டே சொல்வாளே தவிர, பயம் உண்மையானது.

அந்தச் சாலைக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு ஒரு தினுசு. மேல்துறையிலிருந்து கிளம்பினதும் சாலை மரங்களுக்குள் போய்விடும். ஆறு எங்கோ கீழே வெறும் சத்தமாக இருக்கும். பிறகு ஒரு வளைவில், கூப்பிட்டது போலப் பக்கத்தில் வந்து நிற்கும். இப்படி ஐந்து வளைவு. ஐந்திலும் தண்ணீர் அவசரமில்லாமல், பச்சையாக, தூக்கக் கலக்கத்தில் நகரும். அதைத் தாண்டினால் பாய்ச்சல். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கைடுகள் வைத்த செல்லப்பெயர் உண்டு. முதலாவது எழுப்பி, இரண்டாவது துவைகல், மூன்றாவது பல்வரிசை, நான்காவது குறுக்குச்சந்து. ஐந்தாவதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தெம்பு மிச்சமிருந்ததில்லை.

ஒவ்வொரு வளைவிலும் அவள் வேனை நிறுத்துவாள். என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே தொங்கவிட்டுக் காத்திருப்பாள். காலையில் தண்ணீரின் மேல் மூடுபனி படுத்திருக்கும். எதிர்க்கரை தெரியாது. இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வேன் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், எதற்காக நின்றோம் என்பதே சில நாள் மறந்துபோகும். விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வரும். அப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சள் படகு ஓசையே இல்லாமல் வெளியே வரும். துடுப்புகள் மடியில் கிடக்கும். ஆறு பேரும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் அவர். ஒரு நிமிஷம், அவ்வளவுதான். மறுபடி மரம் மறைத்துவிடும். தன் கல்யாண வாழ்க்கையில் பாதியை இப்படி ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் என்ன வாழ்ந்துவிட்டன?

ஹாரன் வந்தது முதல் வருடம். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போன மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் சாலையில் எப்படி வண்டி ஓட்டுவது? முதல் வளைவில் படகைக் கண்டதும் கை தானாக ஹாரனுக்குப் போனது. இரண்டு அடி அடித்தாள். தண்ணீரில் அவர் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். உயிரோடுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அன்றிலிருந்து ஐந்து வளைவிலும் இரண்டு அடி, ஐந்து தடவை துடுப்பு. கம்பெனியில் கேலி பண்ணாத ஆள் பாக்கியில்லை. "அக்கா, மாமா ஓடிப்போயிடுவார்னா இப்படி விரட்டிப் பிடிக்கிறீங்க?" என்பார் சின்னப் படகுக்காரர். ஒற்றை ஆள் படகில் முன்னால் போய், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கீழே நின்று, விழுகிறவர்களைத் தூக்குவது அவர் வேலை. "ஓடினா ஆத்துலதானே ஓடணும். அதான் கீழ உங்களை நிறுத்தி வெச்சிருக்கேன்," என்பாள் அவள்.

கடைசி இரண்டு வருடமாக அவருக்கு அந்த ஹாரன் மேல் திடீர்ப் பிரியம் வந்திருந்தது. காலையில் கிளம்பும்போதே, "ஹாரனை மறந்துடாதே," என்பார். "நாலாவது வளைவுல அந்தச் சின்னப் பாலத்துக்கிட்ட நிறுத்தி அடி. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். படகு நேரா வரும்போது அடி." ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து, கம்பெனியின் சாமான் அறைக்காரர் வேன் ஓட்டுகிறேன் என்று முன்வந்தபோது, தண்ணீர் மட்டம் சரியில்லை என்று சொல்லி இவர் அன்றைய சவாரியையே நிறுத்திவிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. இந்த வயதில் இப்படி ஒரு பாசமா என்று, காய்ச்சலோடு படுத்துக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தெட்டு வயதில் புருஷன் கொஞ்சினால் எந்தப் பெண்ணாவது ஏன் என்று விசாரணை வைப்பாளா?

வைத்திருக்க வேண்டும். சமையலறைக் கதவின் விளிம்பில் அவர் தோளை இடித்துக்கொண்டது எத்தனை தடவை. டீ டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றியது எத்தனை தடவை. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே துடைத்தவள் இவள்தான். துடைத்தாளே தவிர, யோசிக்கவில்லை.

அன்றைக்கு மூன்றாவது வளைவு வரை எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. நான்காவது வளைவில் சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பனி கனமாக இருந்தது. படகு வந்தது. ஹாரனை அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி அழுத்தினாள். செத்துப்போயிருந்தது.

சரி, என்ன இப்போது, நேராகவே காட்டுவோம் என்று கீழே இறங்கி, சீட்டில் கிடந்த ஆரஞ்சுத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசினாள். படகு முப்பதடி தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் அவளைப் பார்த்துக் கை ஆட்டினார். பின்னால் இருந்த வீட்டுக்காரர் ஆட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ கேட்கக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் துண்டை இன்னும் பெரிதாக வீசினாள். அவர் முகம் அவள் இருக்கும் பக்கம் திரும்பியது, அவளைத் தாண்டிப் போனது. படகு நடுவிலேயே போய்க்கொண்டிருந்தது.

குறுக்குச்சந்தில் ஆறு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் அகலம், வலது பக்கம் பாறைக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற சந்து. இடது பக்கம் போக வேண்டுமென்றால் இங்கேயே, இந்தப் பச்சைத் தண்ணீரிலேயே, துடுப்புப் போட ஆரம்பித்தாக வேண்டும். நீச்சல் தெரியாத அவளுக்கே அது தெரியும். "இடது," என்று கத்தினாள். அதற்குள் படகு பாய்ச்சலின் இரைச்சலை நெருங்கியிருந்தது; குரல் போய்ச் சேரவில்லை. படகு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது படகு பாறையில் சாய்ந்து நின்றிருந்தது. டீச்சர் படகில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றில் ஒரு சிவப்பு ஹெல்மெட், சந்துக்கு வெளியே, கீழ்ப்பக்கத்தில் தண்ணீருக்கு மேலே வந்தது. சின்னப் படகுக்காரர் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

கீழ்துறையில் டீச்சர் துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தார். முழங்கையில் சிராய்ப்பு. "எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. என் ஜென்மத்துல இப்படி ஒரு நாள் வந்ததில்ல," என்று சிரித்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள். "இந்த மழைக்கு ஆறு மாறிடுச்சுங்க," என்றார் அவளுடைய வீட்டுக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் டிரெய்லரில் படகை வைத்துக் கட்டினாள். ஒரு முடிச்சைப் போட நாலு தடவை ஆயிற்று.

சாயந்திரம் சமையலறையில் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலாவது வளைவுல நான் கீழ இறங்கி நின்னேன். பாத்தீங்களா?"

"பாத்தேனே. துடுப்பைத் தூக்க நேரமில்ல."

"கையில என்ன வெச்சிருந்தேன்?"

அவர் மேஜையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். நரம்பு போயிடுச்சாம். போனது திரும்பாதாம். புதுத் துடுப்பு வாங்கப் போறேன்னு போனேனே, அப்போ ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நேரா பாத்தா ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்கும். சுத்தி எல்லாம் புகை. பனி இருந்தா குழாயும் அடைச்சுக்கும்."

"அப்புறம் எப்படிங்க படகு ஓட்டினீங்க?"

"மனப்பாடம்தானே. அப்புறம் உன் ஹாரன். முதல் ஹாரன் கேட்டா ஆறு எண்ணிட்டு வலது. நாலாவது கேட்டா பத்து எண்ணிட்டு இடது. நீ எங்க நிக்கறேன்னு தெரிஞ்சா நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் மறைத்துவிட்டார். சோறு போட்டது அவள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அடித்த ஹாரனை வைத்து இரண்டு வருடமாக ஊரார் பிள்ளைகளைக் கண்ணில்லாத படகில் அனுப்பியிருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தது. அது அவர் மேலா தன் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"கண்ணை மூடினா எனக்கு நல்லாத் தெரியுது," என்றார் அவர். "ஒவ்வொரு கல்லும் தெரியுது. தண்ணி பளிச்சுனு இருக்கு. அங்க எனக்கு முப்பது வயசு. நீ புதுசா வேன் ஓட்டறே, அஞ்சு வளைவுலயும் நிக்கறே. என்னை இறக்கிவிட்டுடாதே. ஆறு இல்லாம நான் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவேன்? இந்த சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்."

அவர் இப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. மனசு இளகிவிட்டது. ஹாரனைச் சரிபண்ணிவிட்டால் போயிற்று. இரண்டு அடிக்குப் பதில் இடது என்றால் ஒரு அடி, வலது என்றால் மூன்று. சாலையோரத்து மூங்கில் புதரை வெட்டிவிட்டால் ஆறாவதாக ஒரு இடத்திலிருந்துகூடப் பார்க்கலாம். அவள் வாய்விட்டே சொன்னாள். அவர் உற்சாகமாகிவிட்டார். இருவரும் மேஜையில் டம்ளரையும் கரண்டியையும் வைத்து ஆறு ஒன்று செய்தார்கள். உப்பு ஜாடிதான் பாறை. அவள் ஒரு அடி, மூன்று அடி என்று மேஜையைத் தட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டு தீப்பெட்டியை ஓட்டினார். ஒரு தடவைகூட இடிக்கவில்லை. அவள் கரையில் நின்றே அவரைக் கொண்டுபோகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து ஆற்றில் போகிறார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. படுக்கும் வரை இருந்தது.

தூக்கத்தில் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சிவப்பு ஹெல்மெட் வரவே இல்லை. விடியும்போது தலையணை நனைந்திருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

மெக்கானிக்கை எழுப்பி ஹாரனுக்கு ஃபியூஸ் மாற்றினாள். சாமான் அறைக்காரரைப் பிடித்து, "இன்னைக்கு வேனை நீங்க ஓட்டுங்க. அஞ்சு வளைவுலயும் படகு நேரா வரும்போது ரெண்டு அடி. மறக்காதீங்க," என்று இடங்களைச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்குச் சவாரிக்கு ஐந்து பேர். ஒரு அலுவலகத்து நண்பர்கள் மூன்று பேர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி.

மேல்துறையில் படகு தண்ணீரில் இறங்கியது. ஐந்து பேரும் ஏறினார்கள். அவள் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்தாள். முழங்கால் வரைதான். ஏறி முன்வரிசையில், புதுப்பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்பம்மா."

கிளம்புவதற்கு முன் கைடு ஒவ்வொருவரின் ஜாக்கெட்டையும் இழுத்துப் பார்ப்பது வழக்கம். நான்கு பக்கிள். அவர் வரிசையாக வந்தார். இவளுடைய பக்கிளில் கை வைத்தவர் நின்றுவிட்டார். மூன்றங்குல தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"நீ எங்க இங்க?"

"நானும் வரேன்."

"ஹாரன்?"

"சரிபண்ணியாச்சு. அஞ்சு இடத்துலயும் அடிக்கச் சொல்லியிருக்கேன். எல்லாம் எப்பவும் மாதிரிதான்."

அவர் கை பக்கிளிலேயே இருந்தது. குரலைத் தாழ்த்தினார். "இறங்கு."

"ஏங்க? மனப்பாடம்னீங்க."

"விளையாடாதே. உனக்கு நீச்சல் தெரியாது."

"அந்த டீச்சருக்கும் தெரியாது," என்றாள் அவள்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். புதுப்பெண் பக்கம் முகத்தைத் திருப்பி, அவள் இருக்கும் இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் புருஷனையும் அப்படியே தேடிப் பார்த்தார். மூன்று நண்பர்களில் ஒருவன் துடுப்பால் தண்ணீரைத் தட்டி, "போலாமா அண்ணே?" என்றான்.

"இல்லைங்க. இன்னைக்குப் போகல," என்றார் அவர். "எனக்குக் கண்ணு தெரியறதில்லைங்க. ரெண்டு வருஷமா. உங்களை இதுல ஏத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

சின்னப் படகுக்காரர் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார். புதுப்பெண்ணின் புருஷன்தான் முதலில் இறங்கி, அவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டான். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் துடுப்புகளைப் படகுக்குள் வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றலாம் என்றால் பக்கிள் பிடிபடவில்லை. அவர் முழங்காலளவு தண்ணீரில் வந்து நின்று, அவள் கையை விலக்கிவிட்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான்கையும் கழற்றி முடித்ததும் தோளைக் கொடுத்தார்.

"பிடிச்சுக்கிட்டு இறங்கு," என்றார். "கல்லு வழுக்கும்."